வாக்கியத்தில் அமைத்து எழுதுக

சான் எல்மோ
12 ஜூன் 1994

அன்புள்ள மனோங் ஃபெர்மின்,

நான், நனாய், பன்றி மூவரும் சுகம். மூவரில் எடை கூடியது பன்றி மட்டும்தான். பெற்றவளை விட்டு மூன்று மணி நேர ஜீப்னி வண்டித் தூரத்தில் மகன் அடைபட்டிருந்தால் நனாய்க்கு எப்படிச் சோறு இறங்கும்? உனக்காவது இறங்குகிறதா?

உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறைக்காவல் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, வீட்டில் பிள்ளைகள் சுகமா? என் கையெழுத்து உங்கள் கண்ணைக் கெடுத்தால் செலவுக்கு அண்ணனிடம் கேட்காதீர்கள், அவனிடம் எதுவும் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நம் ஊரில் எல்லாக் குடும்பப் பெயரும் ‘ஸ’வில் தொடங்குவதால் பெயர் கூப்பிடும்போது வகுப்புக்குள் பாம்பு புகுந்ததுபோலவே இருக்கிறது. சோலிஸ் டீச்சர் ஒரு புதுத் தண்டனை கண்டுபிடித்திருக்கிறார். வாரம் ஓர் இங்கிலீஷ் சொல். பொருள், பயன்பாடு, பிறகு சொந்தமாக மூன்று வாக்கியத்தில் அமைத்து எழுத வேண்டும். போன வாரச் சொல் ‘நன்றியுணர்வு’. ‘டீச்சருக்குக் காய்ச்சல் வந்த நாளில் என் இதயம் நன்றியுணர்வால் நிரம்பியது’ என்று எழுதினேன். அன்று மதியம் முழுவதும் வெயிலில் நின்றேன்.

நீ ஏறாததால் தென்னைகளில் பாளை முற்றி நிற்கிறது. கள் இறக்க ஆளில்லாமல் ஊர்க் குடிகாரர்கள் எல்லாரும் யோக்கியர்களாகிவிட்டார்கள். உன்னைச் சீக்கிரம் விடவேண்டாம் என்று அவர்களுடைய மனைவிமார் மெழுகுவத்தி ஏற்றுவதாகக் கேள்வி.

இசித்ரோ சொரோங்கோன் செத்து இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. அவன் தம்பி பந்தோங் தினமும் மாலையில் வந்து நம் வேலிக்கு வெளியே நிற்கிறான். ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும்வரை நம் வாசலைப் பார்க்கிறான். போய்விடுகிறான். சேவற்கட்டுக் கொட்டகையில் ரத்தம் ஊறிய மண்ணை வாரி எறிந்துவிட்டு ஆற்று மணல் போட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு மறுபடி சேவல் விட்டார்கள். நனாய் அங்கே அரிசி அப்பம் விற்கப் போகவில்லை.

இசித்ரோ செத்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது ஊருக்கே அதிசயமாக இருக்கிறது.

உன் குறும்புத் தங்கை,
லெங்லெங்


மாகாணச் சிறை
26 ஜூன் 1994

அன்புள்ள லெங்லெங்,

கடவுள் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறேன். நனாயிடம் நான் நன்றாகத் தின்கிறேன் என்று சொல். கடைவாய்ப் பல் ஒன்று விழுந்துவிட்டது. தானாகத்தான் விழுந்தது. ஓர் அறையில் நாற்பத்தாறு பேர் இருக்கிறோம், முறை போட்டுப் படுக்கிறோம். கடிதம் படிக்கும் சார்ஜன்ட் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்ததாக ஒருவன் சொன்னான். அவர் சிரித்து இங்கே யாரும் பார்த்ததில்லையாம். அடக்கி எழுது.

எனக்கு உன் படிப்பு தேவைப்படுகிறது. குற்றப்பத்திரிகை முழுவதும் இங்கிலீஷ். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு அதில் என் பெயரும் இசித்ரோவின் பெயரும்தான் தெரிந்தன. அரசாங்கம் கொடுத்த வக்கீல், அட்டர்னி பிலாரெஸ், ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். “உன் தலையெழுத்து இந்த ஒரு சொல்லுலதான் இருக்கு. அடுத்த தடவை வர்றப்ப கேப்பேன், யோசிச்சு வை” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதன் பொருளை அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. பக்கத்துப் பாயில் படுப்பவன் படித்துக் காட்டினான். புரொவொகேஷன். நீ பொருள் எழுது. எப்படிச் சொல்வது, எங்கே சொல்வது, அதையும் எழுது.

இன்னொன்று. யார் கேட்டாலும் அன்றைக்கு நீ கோயிலில் இருந்தாய். புனிதர் சான் இசித்ரோவின் திருவிழாப் பூசை. பாட்டுக் கூட்டத்தில் இரண்டாவது வரிசை. மறக்காதே.

உன் அண்ணன்,
ஃபெர்மின்


சான் எல்மோ
3 ஜூலை 1994

அன்புள்ள மனோங்,

பல் விழுந்தது கேட்டு நனாய் உன் பால் பற்களைத் தேடுகிறாள், கூரையில் எறிந்ததை மறந்துவிட்டு. இங்கே நலத்துக்குக் குறைவில்லை. கடிதம் படிக்கும் ஐயாவின் சிரிப்புக்கும் என் வாழ்த்துகள்.

உனக்காக அகராதியைப் புரட்டினேன். நூலகத்து அகராதியில் ‘ப’ பகுதியைக் கரையான் தின்றிருக்கிறது, நல்லவேளை இந்தச் சொல் அதற்குப் பிடிக்கவில்லை.

சொல்: புரொவொகேஷன். பெயர்ச்சொல்.

பொருள்: சீண்டுதல். ஒருவன் கை ஓங்கும் அளவுக்கு அவன் கோபத்தைக் கிளறிவிடுதல்.

பயன்பாடு: ‘கொடு’ என்ற வினையோடு வரும். முத்தம் கொடு, அடி கொடு என்பதைப்போல. சோலிஸ் டீச்சரிடம் போய்க் கேட்டேன். நானாக ஒரு சொல்லைத் தேடி வந்ததில் அவருக்கு மயக்கமே வந்துவிட்டது. அவர் சொன்னார்: “இந்தச் சொல்லு தனியா நிக்காதுடீ. கொடுத்தவன் ஒருத்தன் வேணும், வாங்கினவன் ஒருத்தன் வேணும். யாரு கொடுத்தான்னு சொல்லலன்னா வாக்கியம் முடியாது.”

வாக்கியங்கள்:

ஒன்று. எந்த புரொவொகேஷனும் இல்லாமல் கொசு என்னைக் கடித்தது.

இரண்டு. பன்றியின் மூக்கில் நான் மிளகாய் தடவியது அதற்குப் போதுமான புரொவொகேஷனாக இருந்தது. அது என் பாவாடையைத் தின்றது.

மூன்று.

மூன்றாவது வரவில்லை. மூன்று நாள் யோசித்தேன். டீச்சர் இரண்டுக்கு மட்டும் மதிப்பெண் போட்டார்.

எழுத வேண்டாம் என்று நனாய் சொன்னாள், ஆனாலும் எழுதுகிறேன். நேற்றுக் காலையில் நம் நாய் வேலியில் தொங்கியது. ஒரே வெட்டு, கழுத்தில். கழுத்துத் தோலில்தான் தலை ஒட்டிக்கொண்டிருந்தது. பந்தோங் பக்கத்திலேயே நின்று கத்தியைப் புல்லில் துடைத்தான். “அந்த நாய் என்னடா பண்ணுச்சு உன்னை?” என்று நனாய் கேட்டாள். “என் அண்ணன் என்ன பண்ணான்?” என்று அவன் கேட்டான்.

நனாய் நாயை வேலியிலிருந்து இறக்கினாள். அவனுக்குப் பதில் என்னிடம் இருந்தது.

லெங்லெங்


மாகாணச் சிறை
14 ஆகஸ்ட் 1994

அன்புள்ள லெங்லெங்,

பதில் போட ஆறு வாரம் ஆகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே. இது இடது கையால் எழுதுவது, அதனால்தான் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது. வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். சொரோங்கோன்களின் சித்தப்பா மகன் ஒருவன் இங்கே ஏற்கெனவே இருந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. கரண்டிக் காம்பைச் சிமென்டில் தேய்த்துக் கூர்மையாக்கி வைத்திருந்தான். குளிக்கிற வரிசையில் வயிற்றுக்கு வந்தது, நான் கையைக் கொடுத்தேன். உள்ளங்கையில் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. நாலு விரல் அசைகிறது. நனாயிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்.

நீ அனுப்பிய பொருள் உதவியது. பிலாரெஸ் வந்து கேட்டபோது முழிக்காமல் நின்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“முதல்ல கத்தி ஓங்கினவன் இசித்ரோ. அதுக்குப் பதினோரு சாட்சி இருக்கு. உன் கையில இருந்தது கள்ளு இறக்குற அருவா, உன் தொழில் சாமான். ரெண்டும் நமக்குச் சாதகம். மூணாவதுதான் இடிக்குது. அவன் சேவலுக்குக் கள்ளு கொடுத்து ஊர் முன்னால அவனைக் கேவலப்படுத்தினது நீன்னா, சீண்டினவன் நீ. சீண்டிட்டுத் தற்காப்புன்னு சொன்னா ஜட்ஜ் விடமாட்டார். அது வேற யாரோன்னா, நீ நடந்து வீட்டுக்குப் போலாம். இப்ப சொல்லு. நீயா?”

“நான்தான் சார்” என்றேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, “பன்னெண்டு வருஷம்டா, கம்மியா வச்சா” என்றார்.

ஊர் முன்னால் என்ன சொன்னேனோ அதையேதான் இங்கேயும் சொன்னேன். மாற்றிப் பேசினால் பந்தோங்கின் கத்தி யாரைத் தேடிப் போகும் என்று உனக்குத் தெரியும். நீ கோயிலில் இருந்தாய்.

ஃபெர்மின்


சான் எல்மோ
21 ஆகஸ்ட் 1994

அன்புள்ள மனோங்,

உன் நாலு விரலுக்கும் என் வணக்கம். ஐந்தாவதிடம் சீக்கிரம் எழுந்திருக்கச் சொல். நனாய்க்கு மூட்டு வலி, எனக்கு மூளை வலி.

ஒரு கதை சொல்கிறேன். கடிதம் படிக்கும் ஐயா, இது கதைதான், நீங்கள் முத்திரை குத்தலாம்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. ஊரில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. பாதிரியார் செருப்பை மாற்றி வைத்தவள், சவப்பெட்டிக் கடைப் பலகையில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று எழுதியவள். அவளுடைய அம்மா சேவற்கட்டு வாசலில் அப்பம் விற்பாள். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால், உள்ளே போகிற அவசரத்தில் ஒரு பெரிய மனுஷன் அப்பத் தட்டை உதைத்தான். வழியில் இருந்ததாம். அப்பங்கள் சேற்றில் விழுந்தன. அம்மா குனிந்து பொறுக்கும்போது அவளுடைய கையை மிதித்துக்கொண்டு போனான்.

அந்தப் பெண் கோபப்படத் தெரியாதவள். அவளுக்குத் தெரிந்தது வேடிக்கை மட்டும். மக்காச்சோளத்தைப் புளித்த கள்ளில் ஊறவைத்தாள். கட்டுச் சேவலுக்குச் சண்டை நாளில் தீனி போடமாட்டார்கள், அது பசியோடு இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எடை பார்க்கும் இடத்தில் அந்தப் பெரிய மனுஷன் முதுகைக் காட்டி நின்றபோது அவனுடைய சேவல் கூடைக்குள் கையை விட்டாள். சேவல் அவள் உள்ளங்கையைக் கொத்திக் கொத்தித் தின்றது. அதன் பெயர் ஜெனரல்.

காலில் கத்தி கட்டி ஜெனரலைக் களத்தில் விட்டார்கள். நாலடி நேராக நடந்தது. பிறகு ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மணலில் உட்கார்ந்து, ஐந்நூறு பேருக்கு முன்னால், கண்ணை மூடித் தூங்கியது. சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. எதிர்ச் சேவல் தாவி வந்து தூங்கிய ஜெனரலின் நெஞ்சைக் கிழித்தது. குடல் வெளியே வந்தது, அப்போதும் அது விழிக்கவில்லை. அப்போதும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மனோங், அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அவன் குனிந்து சேவலின் அலகை முகர்ந்து பார்த்தான். கத்தியை உருவினான். “கள்ளு. எவன்டா?” என்றான். அவள் மூங்கில் கள் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றாள். அவனுடைய கண் அந்தக் குழாய்க்கு வந்தது. அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் வேலியைத் தாண்டிக் குதித்து, “நான்தான்” என்றான்.

முதல் வெட்டு இசித்ரோவுடையது, அது காற்றில் போனது. இரண்டாவதும் அவனுடையது, வேலிக் கம்பில் இறங்கியது. பிறகு கள் அருவாள் ஒரு முறை மேலே போனது. தேங்காய் பிளக்கிற சத்தம். அந்தப் பெண் குழாயில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணைத் திறந்தபோது இசித்ரோ ஜெனரல் பக்கத்தில் கிடந்தான். அவளுடைய காலில் சூடாக ஏதோ வழிந்தது. கள் என்று நினைத்தாள்.

இந்தக் கதையில் புரொவொகேஷன் கொடுத்தவர் யார்? மூன்று வாக்கியத்தில் விடை எழுதுக.

லெங்லெங்


மாகாணச் சிறை
30 ஆகஸ்ட் 1994

லெங்லெங்,

நலம். கதை வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி இனி எழுதாதே. அப்படி ஒருத்தி இல்லை.

சார்ஜன்ட் என்னைக் கூப்பிட்டு, “உன் தங்கச்சி எத்தனாவது படிக்குது?” என்று கேட்டார். ஹைஸ்கூல் மூன்றாவது வருஷம் என்றேன். முத்திரையைக் கோணலாகக் குத்திக் கொடுத்தார்.

நனாயைப் பார்த்துக்கொள்.

ஃபெர்மின்


சான் எல்மோ
9 அக்டோபர் 1994

அன்புள்ள மனோங்,

ஏழு வாரம் எழுதவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதுவதற்கு வேறு யாருமே கிடைக்கவில்லை.

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்.

போன வாரம் பந்தோங் வேலிக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளே வந்தான். பகல் நேரம். நனாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முடியைக் கையில் சுற்றித் தலையை அடுப்புக் கல்லோடு சேர்த்து அழுத்தினான். கன்னம் சுட்டது. நான் அவன் முதுகில் விறகால் அடித்தேன். காலால் ஒரு எத்து எத்தினான், நான் சுவரில் போய் மோதினேன். விலா இன்னும் மூச்சு விட்டால் குத்துகிறது. கத்தியை நனாயின் கழுத்துக்குப் பின்னால் வைத்து, “சேவல் எடை போடுற நேரத்துல உன் மவன் தென்னமரத்துல இருந்தான்னு ஒருத்தன் சொல்றான். அப்ப கள்ளு கொடுத்தது யாரு?” என்று கேட்டான்.

நனாய் நிமிரவே இல்லை. “என் மவன்தான். அவனேதான். கழுவேத்துங்க அவனை” என்றாள்.

அவன் அவளுடைய முடியை அடியோடு அறுத்து அடுப்பில் போட்டான். “அடுத்த தடவை முடியோட நிக்காது” என்றான். முடி எரிகிற நாற்றம் இன்னும் வீட்டில் இருக்கிறது.

மனோங், பெற்ற மகனைப் பற்றி நனாய் அந்தப் பொய்யைச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு எல்லா வேடிக்கையும் அன்றோடு தீர்ந்துவிட்டது. இரண்டு பேர் தங்கள் கழுத்தைக் கொடுத்து என்னைக் கோயிலில் உட்காரவைத்திருக்கிறீர்கள். நான் பாட்டே பாடமாட்டேன் என்று பாதிரியாருக்குக்கூடத் தெரியும்.

இனி வரும் பகுதி உனக்கு இல்லை. கடிதம் படிக்கும் ஐயாவுக்கு.

ஐயா, என் முழுப்பெயர் மரிலென் சுமகாய்சாய், வயது பதினைந்து. மே 15 அன்று இசித்ரோ சொரோங்கோனின் சேவலுக்குக் கள்ளில் ஊறிய சோளம் கொடுத்தது நான். என் அண்ணனுக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் அவன் மரத்தில் இருந்தான். இதில் பொருள் விளக்கம் தேவையில்லை. முத்திரையை நேராகக் குத்துங்கள். அண்ணன் இதைக் கிழித்துவிடுவான், அதனால் அவனிடம் தராதீர்கள். அட்டர்னி பிலாரெஸிடம் தாருங்கள்.

லெங்லெங்


மாகாணச் சிறை
20 அக்டோபர் 1994

லெங்லெங்,

உன் கடிதத்தை எனக்குத் தரவில்லை. சார்ஜன்ட் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று படித்துக் காட்டினார். நனாயின் முடி வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு, அந்த வரியிலிருந்து மறுபடி படித்தார். அவருடைய ஓய்வு நாளில் அவரே பஸ் ஏறிப் போய் வக்கீலிடம் கொடுத்திருக்கிறார். நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். இரண்டு நாள் தனியறை.

அறையில் சுவரைக் குத்தினேன், நல்ல கையால். இப்போது இரண்டு கையும் ஒன்றுதான்.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியவில்லை. பந்தோங் ஒவ்வொரு விசாரணைக்கும் முதல் பெஞ்சில் உட்காருகிறான். நவம்பர் 16 உன் சாட்சி. வராதே. பேருந்தைத் தவறவிடு. காய்ச்சல் என்று சொல். வாழ்க்கை முழுக்கப் பொய் சொல்லி விளையாடினாயே, ஒரே ஒரு பொய் எனக்காகச் சொல்.

அண்ணன்


பகோலோட்
20 நவம்பர் 1994

அன்புள்ள மனோங்,

வந்தேன். பேருந்து சரியான நேரத்துக்கு வந்தது, என்ன செய்ய.

இப்போது நானும் நனாயும் கடல் தாண்டி நேனா சித்தி வீட்டில் இருக்கிறோம். தெருப் பெயர் எழுதமாட்டேன். நனாயின் கன்னத்தில் தோல் உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது. தலைமுடி பையனைப்போல் நிற்கிறது, சித்தி ‘தம்பி’ என்று கூப்பிடுகிறாள். நனாய் நேற்று முதல்முறையாகச் சிரித்தாள். உன் காயம் எப்படி இருக்கிறது?

நான் சாட்சி சொன்ன அன்றைக்கு நீ என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய், அதனால் நடந்ததை எழுதுகிறேன். அரசு வக்கீல் இங்கிலீஷில் கேட்பார், ஓர் அம்மா அதை நம் பாஷையில் சொல்வார், நான் நம் பாஷையில் சொல்வேன், அந்த அம்மா அதை இங்கிலீஷாக்குவார். எல்லாம் இரண்டு முறை. சேவல் இரண்டு முறை தூங்கியது. குடல் இரண்டு முறை வெளியே வந்தது. கடைசியில், அண்ணனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாயா என்று அரசு வக்கீல் கேட்டார். அந்த அம்மா மொழிபெயர்க்கும்வரை நான் காத்திருக்கவில்லை. எனக்கு வராமல் இருந்த மூன்றாவது வாக்கியத்தை இங்கிலீஷிலேயே சொன்னேன். புரொவொகேஷன் கொடுத்தது நான். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

பிலாரெஸ் மேசைக்கு அடியில் உன் தொடையைத் தட்டியதை நான் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். நீ சும்மா இருந்திருந்தால் போதும்.

அப்போது பந்தோங் தலையைத் திருப்பினான். ஆறு மாதமாக உன் பிடரியில் உட்கார்ந்திருந்த அவனுடைய கண் எழுந்து என் மேல் வந்து உட்கார்ந்தது, ஈ இடம் மாறுவதுபோல. அவன் கோபப்படவில்லை. என் முகத்தை மனப்பாடம் செய்தான். நீ அப்போதுதான் தலை நிமிர்ந்தாய். என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாய். எழுந்தாய்.

“ஐயா, முதல் வெட்டு அவன் கத்தியைத் தடுக்க. அவன் விழுந்துட்டான். கத்தி கையை விட்டுப் போயிருச்சு. கையெடுத்துக் கும்பிட்டான். அதுக்கப்புறம் ரெண்டு வெட்டு வெட்டினேன். அதுக்கு யாரும் என்னைச் சீண்டல. சேவலும் இல்ல, கள்ளும் இல்ல, இந்தப் பொண்ணும் இல்ல. அது நானா வெட்டினது.”

பிலாரெஸ் உன்னைப் பிடித்து இழுத்ததில் சட்டைக் கை கிழிந்தது. பந்தோங்கின் கண் என்னை விட்டு உன்னிடம் திரும்பிப் போனது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மூன்று வெட்டு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எது எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. பதினோரு சாட்சியும் முதல் வெட்டிலேயே ஓடிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்தி, நான் கண்ணை மூடியிருந்தேன்.

மனோங், அவன் கும்பிட்டது உண்மையா? இல்லை, கொட்டகையில் குதித்ததைப்போல கோர்ட்டிலும் எனக்கு முன்னால் குதித்தாயா?

லெங்லெங்


மாகாணச் சிறை
18 டிசம்பர் 1994

அன்புள்ள லெங்லெங்,

உனக்கும் நனாய்க்கும் சித்திக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. கை ஆறிவிட்டது. இது வலது கையால் எழுதுவது, பார்த்தாயா?

தீர்ப்பு வந்தது. ஆறு வருஷம். முதல் வெட்டுக்கு நான் குற்றவாளி இல்லையாம், மற்ற இரண்டுக்கு உண்டாம். உன் சாட்சி இல்லாவிட்டால் பன்னிரண்டுக்குக் குறையாது என்று பிலாரெஸ் சொன்னார். அவருக்கு என்மேல் இன்னும் கோபம். கிழிந்த சட்டைக்குப் பதிலாக அவருடைய பழைய சட்டை ஒன்றை அனுப்பியிருக்கிறார்.

பந்தோங் வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் இரண்டு கையையும் பார்த்தான். பிறகு, “கும்பிட்டானா எங்கண்ணன்?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “அந்தப் பொண்ணை இனி தேட மாட்டேன். நீ வெளியில வா. அப்ப பாத்துக்கலாம்” என்றான். சரி என்றேன். அவனுக்கு ஒரு சிகரெட் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், பற்றவைக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் கீழே இருக்கிறது. சார்ஜன்ட் ஒரு சின்ன அகராதி கொடுத்திருக்கிறார். வாரம் ஒரு சொல் படிக்கிறேன். முதல் வீட்டுப்பாடம். திருத்தி அனுப்பு.

ஒன்று. சிறைச் சோறு எனக்குத் தினமும் மூன்று வேளை புரொவொகேஷன் கொடுக்கிறது.

இரண்டு. கீழே விழுந்து கிடந்த இசித்ரோ எனக்கு எந்த புரொவொகேஷனும் கொடுக்கவில்லை.

மூன்று. என் தங்கை யாருக்கும் எந்த புரொவொகேஷனும் கொடுக்கவில்லை.

உன் மாணவன்,
ஃபெர்மின்


பகோலோட்
27 டிசம்பர் 1994

அன்புள்ள மனோங்,

இங்கே எல்லாரும் சுகம். நனாயின் முடி காது வரைக்கும் வந்துவிட்டது. கடிதம் படிக்கும் ஐயாவுக்குப் புது வருஷ வாழ்த்து. உங்கள் பிள்ளைகளுக்கு நனாய் செய்த அப்பம் இதோடு வருகிறது. நீங்கள் தின்றதுபோக மிச்சம் இருந்தால் அண்ணனுக்குக் கொடுங்கள்.

வீட்டுப்பாடம் திருத்தப்பட்டது.

முதல் வாக்கியம் சரி. ஒரு மதிப்பெண்.

இரண்டாவது சரியா என்று திருத்துகிறவளுக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடியிருந்தாள். அரை மதிப்பெண் போட்டிருக்கிறேன். மிச்ச அரையை நீ வந்து வாங்கிக்கொள்.

மூன்றாவதில் எழுத்துப் பிழை இல்லை. சொற்கள் அததன் இடத்தில் இருக்கின்றன. ஆனால் பொய். சிவப்பு மையில் அடித்திருக்கிறேன்.

திரும்ப எழுதி அனுப்பவும். ஆறு வருஷம் நேரம் இருக்கிறது.

லெங்லெங்